சைகோனிலிருந்து நெயில் சலூன் வரை

ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு டிப்பி ஹெட்ரனை மறந்திருக்க முடியாது. 1963-ல் வந்த படம். படம் முழுக்கப் பறவைகளிடம் கொத்து வாங்கும் அந்தப் பொன்னிற முடிக்காரப் பெண்தான் அவர். (இவர் வீட்டில் சிங்கம் வளர்த்தவர் என்பது தனிக்கதை. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.) இந்தக் கட்டுரை அவருடைய நடிப்பைப் பற்றியது அல்ல. அவருடைய நகங்களைப் பற்றியது.

நகமா என்று சிரிக்காதீர்கள். இன்று அமெரிக்காவில் நகம் அழகுபடுத்தும் தொழில் பல நூறு கோடி டாலர் புரளும் தொழில். அதில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வியட்நாமியர்கள். கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் எடுத்துக்கொண்டால் பத்தில் எட்டுப் பேர் என்று அந்தத் தொழிலுக்கான பத்திரிகைகள் கணக்குச் சொல்கின்றன. பெரும்பாலோர் பெண்கள். அகதிகளாக வந்தவர்கள், அல்லது அவர்களைத் தொடர்ந்து வந்த உறவினர்கள். ஒரு நாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் இன்னொரு நாட்டில் ஒரு முழுத் தொழிலையே எப்படித் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஆரம்பத்திலேயே ஒரு சின்ன விளக்கம். நம்மூரில் சலூன் என்றால் ஆண்கள் முடிவெட்டும் கடை. இங்கே நான் 'நெயில் சலூன்' என்று எழுதுவது கை கால் நகங்களை மட்டும் கவனிக்கிற கடையை. முடி, முகம், புருவம் எதுவும் கிடையாது. நகத்துக்கென்று தனிக் கடையா என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1975-ல் அமெரிக்கர்களுக்கும் அது ஆச்சரியம்தான்.

1975 ஏப்ரல் 30. வடவியட்நாமின் டாங்கிகள் சைகோனில் ஜனாதிபதி மாளிகையின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த நாள். தென்வியட்நாம் என்ற நாடு அன்றோடு முடிந்தது. அதற்கு முந்தைய சில நாட்களிலும் அன்றைய தினமும் விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் கப்பலிலும் தப்பியவர்களில் சுமார் 1,30,000 பேர் அந்த ஆண்டே அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். முதலில் பசிபிக்கில் உள்ள குவாம் தீவு. பிறகு அமெரிக்காவுக்குள் நான்கு ராணுவத் தளங்களில் முகாம்கள்: கலிபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டன், ஆர்கன்சாவில் ஃபோர்ட் சாஃபி, புளோரிடாவில் எக்லின், பென்சில்வேனியாவில் இண்டியன்டவுன் கேப்.

இந்த முதல் அலையில் வந்தவர்கள் யார் என்பது முக்கியம். ராணுவ அதிகாரிகள், அரசு ஊழியர்கள், அமெரிக்க அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய குடும்பங்கள். ஊரில் ஓரளவு வசதியாக இருந்தவர்கள். வீட்டில் சமையலுக்கு ஆள், குழந்தைக்கு ஆள் என்று வைத்திருந்த பெண்கள் பலர் இருந்தார்கள். ஆசிரியைகள் இருந்தார்கள். சொந்தக் கடை நடத்தியவர்கள் இருந்தார்கள். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது எல்லோர் கையிலும் ஒரே மாதிரி ஒரு பை.

முகாமை விட்டு வெளியேற வேண்டுமென்றால் ஒரு ஸ்பான்சர் வேண்டும். தேவாலயமோ, ஒரு குடும்பமோ, தொண்டு நிறுவனமோ பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். ஒரே ஊரில் கூட்டமாகக் குடியேறிவிடக்கூடாது என்று அரசு வேண்டுமென்றே அவர்களைப் பல மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பியது. மினசோட்டாவின் பனியில் கொண்டுபோய்விட்டால் மீகாங் ஆற்றுப் படுகையில் பிறந்தவர்கள் என்ன செய்வார்கள்? சில வருடங்களிலேயே மூட்டை கட்டிக்கொண்டு சூடான கலிபோர்னியாவுக்கும் டெக்சாஸுக்கும் தாங்களாகவே நகர்ந்து வந்துவிட்டார்கள். பிரித்து வைக்கும் திட்டம் அத்தோடு போயிற்று.

டிப்பி ஹெட்ரன் அப்போது 'ஃபுட் ஃபார் த ஹங்க்ரி' என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துடன் வேலை செய்துகொண்டிருந்தார். கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவுக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில், வைமார் என்ற சிற்றூர். அங்கே ஒரு பழைய காசநோய் மருத்துவமனை காலியாக இருந்தது. அதை அகதிகளுக்கான இடமாக மாற்றி 'ஹோப் வில்லேஜ்' என்று பெயர் வைத்தார்கள். நம்பிக்கைக் கிராமம்!

இந்தப் பெண்களுக்கு ஏதாவது தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஹெட்ரன் தையல்காரர்களையும் தட்டச்சு சொல்லிக்கொடுப்பவர்களையும் வரவழைத்தார். தையலும் தட்டச்சும்! உலகம் பூராவும் ஏழைப் பெண்ணுக்கு உதவி என்றால் முதலில் ஞாபகம் வருவது தையல் மெஷின்தான் போலிருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் பார்த்தது வேறு. பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கண் ஹெட்ரனின் கைவிரல்களிலேயே இருந்தது. நீளமான, வர்ணம் பூசிய, கச்சிதமான நகங்கள். கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். இதையே கற்றுக்கொடுத்தால் என்ன என்று ஹெட்ரனுக்குத் தோன்றியிருக்கிறது.

தனக்கு நகம் செய்துவிடும் பெண்ணையே ஹாலிவுட்டிலிருந்து விமானத்தில் வரவழைத்தார். பக்கத்தில் இருந்த ஓர் அழகுக்கலைப் பள்ளியையும் பேசிச் சம்மதிக்க வைத்தார். இருபது பெண்கள் படித்தார்கள். நகத்தைச் சீராக்குவது, பட்டுத்துணித் துண்டை ஒட்டி நகத்துக்கு வலுக்கொடுப்பது, கால் நகம் செய்வது. மாநில உரிமத் தேர்வும் எழுதித் தேறினார்கள். பலருக்குத் தெற்குக் கலிபோர்னியாவில் வேலை தேடிக்கொடுக்கவும் ஹெட்ரன் உதவினார்.

வழக்கமாகக் கதையை இத்தோடு முடித்துவிடுவார்கள். நல்ல மனசுள்ள நடிகை, நன்றியுள்ள இருபது அகதிப் பெண்கள், அதிலிருந்து கிளம்பிய மாபெரும் தொழில். சுபம். எனக்கு இந்தக் கதை பிடிக்கும், ஹெட்ரன் மேல் மரியாதையும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். தொண்டு நிறுவனங்கள் உலகில் எத்தனையோ இருபது பேருக்கு எத்தனையோ தொழில் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அவற்றில் எத்தனை ஒரு நாட்டின் தொழிலையே மாற்றியிருக்கின்றன? இருபது பேரிலிருந்து பல்லாயிரம் பேர் ஆன கதையில்தான் சரக்கு இருக்கிறது. அதில் ஹெட்ரனுக்குப் பங்கு கிடையாது. முழுக்க அந்தப் பெண்களின் வேலை.

முதல் காரணம் மொழி. முடிவெட்டுவதென்றால் வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று புரியவேண்டும். 'காதுக்கு மேலே கொஞ்சம், பின்னால் அதிகம் வேண்டாம்' என்பதெல்லாம் தப்பாகப் புரிந்துகொண்டால் சண்டைதான். நகத்துக்கு என்ன? நிறத்தைக் கைகாட்டிச் சொல்லிவிடலாம். தப்பாகப் போனால் அழித்துவிட்டு மறுபடி பூசலாம். இரண்டாவது, படிப்பு. கலிபோர்னியாவில் முழு அழகுக்கலை உரிமத்துக்கு நீண்ட காலம் 1600 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது. நகத்துக்கு மட்டும் என்றால் சில நூறு மணி நேரம், பிற்கால விதிப்படி 400. அதாவது மூன்று நான்கு மாதத்தில் சம்பாதிக்க ஆரம்பித்துவிடலாம். குழந்தைகள் பசியோடு இருக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல.

ஆனால் தேர்வு ஆங்கிலத்தில்! கிருமிகள், தோல்நோய்கள், ரசாயனங்கள் என்று பாடப்புத்தகம் பூராவும் வாயில் நுழையாத பெயர்கள். கேள்வியையும் பதிலையும் அப்படியே மனப்பாடம் செய்து எழுதியவர்கள் உண்டு. (நமக்கும் இந்த முறை புதிதல்ல :-)) 1990-களில் கலிபோர்னியா வியட்நாமிய மொழியிலேயே எழுத்துத் தேர்வு எழுதலாம் என்று அனுமதித்தது. அதற்குள் வியட்நாமியர்களே நடத்தும் அழகுக்கலைப் பள்ளிகள் ஆரஞ்ச் கவுண்டியில் முளைத்திருந்தன. அங்கே பாடம் வியட்நாமிய மொழியில். ஆசிரியர் முன்னாள் மாணவி, மாணவி அவருக்குத் தெரிந்தவரின் தங்கை. முதல் இருபதில் ஒருவர் தன் தோழிக்குச் சொன்னார், தோழி நாத்தனாருக்குச் சொன்னார், நாத்தனார் முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்குச் சொன்னார் என்றுதான் இது பரவியது. விளம்பரமே தேவைப்படவில்லை.

மூன்றாவது, பணம். இதைப் படித்தபோதுதான் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றியது. புதிதாக வந்த அகதிக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. வியட்நாமியப் பெண்கள் கடை வைக்க முதல் திரட்டியது 'ஹூயி' மூலமாக. ஹூயி என்றால் வேறொன்றும் இல்லை, நம்மூர் ஏலச்சீட்டேதான்!

உதாரணத்துக்கு இருபது பேர், ஆளுக்கு மாதம் 200 டாலர் என்று வையுங்கள். மாதாமாதம் 4000 டாலர் சேரும். அவசரமாகப் பணம் வேண்டியவர் தள்ளுபடி கேட்டு எடுத்துக்கொள்வார். தள்ளிய தொகையின் பலன் இன்னும் எடுக்காதவர்களுக்குப் போகும். கடைசியில் எடுப்பவருக்கு லாபம், முதலில் எடுப்பவருக்குக் கடை. நடத்துபவர் ஒரு பெண்தான், பெரும்பாலும் எல்லோருக்கும் வேண்டப்பட்ட ஓர் அக்கா. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, நம்பிக்கை மட்டும்தான். நம்மூரைப் போலவே சீட்டு பிடித்தவர் ஓடிப்போவதும் உண்டு. சீட்டு உடைந்தது என்பதற்கு அவர்கள் மொழியிலும் தனிச்சொல் இருக்கிறது. அமெரிக்கக் கனவு என்று பத்திரிகைகள் எழுதுகிற பல கடைகளுக்கு அஸ்திவாரம் இந்தச் சீட்டுதான். அமெரிக்க வங்கி அல்ல.

கடையும் அப்படியொன்றும் பெரிய செலவு வைக்காத கடை. நெடுஞ்சாலை ஓரத்தில் மளிகை, லாண்டரி, பீட்சா என்று வரிசையாக இருக்கும் கடைகளில் ஒன்று வாடகைக்கு. நாலு மேஜை, நாலு விளக்கு, கால் வைக்கிற தொட்டி ஒன்று. சுவரில் நெயில் பாலிஷ் பாட்டில் அடுக்கு. அவ்வளவுதான். ஊழியர்கள்? அக்கா, தங்கை, மச்சினர் மனைவி. பின்னால் ஒரு சின்ன அறையில் சோறு வேகும். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் அங்கேயே வீட்டுப்பாடம் எழுதும்.

அதற்கு முன்னால் அமெரிக்காவில் நகம் செய்துகொள்வது பணக்காரப் பெண்களின் பழக்கம். பெரிய பார்லர்களில் முடிக்கு வந்தவர்கள் கூடவே நகமும் செய்துகொள்வார்கள். 1970-களில் கைக்கும் காலுக்கும் சேர்த்து 50 டாலர் ஆனது, இன்றைய மதிப்பில் அதைப் போல் பல மடங்கு. வியட்நாமியக் கடைகள் இதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தன. பல பத்தாண்டு கழித்தும், 2010-களில் கூட, 20 டாலருக்குச் சாதாரணமாக முடிந்தது. முன்பதிவு வேண்டாம், நடந்து வந்து உட்கார்ந்தால் போதும். காசாளர்களும் நர்சுகளும் டீச்சர்களும் வர ஆரம்பித்தார்கள். இவர்கள் மற்றவர்களின் வியாபாரத்தைப் பிடுங்கினார்கள் என்று அந்தக் காலத்தில் புலம்பியவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் பெரும்பகுதி, அதுவரை இல்லாத வியாபாரம்.

அந்த வாடிக்கையாளர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. நீளமான செயற்கை நகங்களை ஒரு கலையாக வளர்த்தது அவர்கள்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரை ஞாபகம் இருக்கிறதா? ஓட்டத்தைப் போலவே அவருடைய வர்ண நகங்களும் பேசப்பட்டன. தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கறுப்பினப் பெண்மணியும் ஒரு வியட்நாமியக் குடும்பமும் கூட்டாக நடத்திய 'மேன்ட்ராப்' என்ற கடை பிறகு பல கிளைகளாக வளர்ந்தது. அடேல் ஃபாம் என்ற இயக்குநர் எடுத்த 'நெயில்ட் இட்' என்ற ஆவணப்படத்தில் இந்தக் கதை வருகிறது. வாய்ப்பு கிடைத்தால் பாருங்கள்.

இந்தச் செயற்கை நகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பல் டாக்டரிடமிருந்து! பல் கட்டுவதற்கு ஒரு தூளையும் ஒரு திரவத்தையும் கலப்பார்கள் அல்லவா, கலந்ததும் இறுகிக் கல்லாகும். அதே அக்ரிலிக்தான் நகத்துக்கும் வந்தது. இன்று உலகம் முழுக்க விற்கும் ஓ.பி.ஐ. நெயில் பாலிஷின் பெயரைப் பாருங்கள். 'ஒடோன்டோரியம் புராடக்ட்ஸ்' என்பதன் சுருக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் பல்மருத்துவப் பொருட்கள் விற்ற கம்பெனி அது. பல் டாக்டர்களுக்கு வைத்திருந்த அக்ரிலிக்கை நகம் செய்பவர்கள் வந்து வாங்கிப் போவதைக் கவனித்து, தூள், திரவம், பசைப்பூச்சு மூன்று பாட்டிலையும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி சலூன்களுக்கு விற்றார்கள். 1981-ல் அது நகக் கம்பெனியானது. அதைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் சூசி வைஸ் ஃபிஷ்மன், ஹங்கேரியில் பிறந்த யூதப் பெண். நாஜிக் கொடுமையிலிருந்து தப்பிப் பிழைத்த பெற்றோரின் மகள். கம்யூனிஸ ஹங்கேரியை விட்டு இஸ்ரேல் வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்த குடும்பம். 2010-ல் கோட்டி நிறுவனம் ஓ.பி.ஐ.யை வாங்கியது. மேஜையில் இருக்கும் பாட்டிலும் ஊரைவிட்டு வந்தவளுடையது, அதைத் திறந்து பூசுகிற கையும் ஊரைவிட்டு வந்தவளுடையது.

ஆனால் பாட்டில்காரர் கோடீஸ்வரி ஆனார், பூசியவர் ஆகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1978-79-ல் படகு அகதிகள் வந்தார்கள். கடற்கொள்ளையரிடமும் புயலிடமும் சிக்கித் தப்பியவர்கள். முதல் அலையைப் போல ஆங்கிலமோ, அமெரிக்கத் தொடர்போ இவர்களுக்குக் கிடையாது. அடுத்து, 1980-களின் இறுதியிலும் 90-களிலும், போருக்குப் பிறகு 'மறுகல்வி முகாம்' என்ற பெயரில் வருடக்கணக்கில் சிறையில் கிடந்த முன்னாள் ராணுவ அதிகாரிகள் குடும்பத்தோடு வர அனுமதி கிடைத்தது. ஐம்பது வயதுக்கு மேல், உடல் தளர்ந்து, ஆங்கிலம் தெரியாமல் வந்த முன்னாள் கர்னலுக்கு அமெரிக்காவில் யார் வேலை தருவார்கள்? மனைவிதான் நகக் கடைக்குப் போனார். சில வீடுகளில் கர்னலும் கூடவே போய் அரம் பிடித்தார்.

இதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். வியட்நாமில் நகம் வெட்டிவிடுவது சந்தைகளில் கூடையோடு சுற்றும் ஏழைப் பெண்கள் செய்கிற வேலை. காலைத் தொடுவது என்றால் நமக்கு என்ன அர்த்தமோ கிட்டத்தட்ட அதே அர்த்தம் அவர்களுக்கும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர் முன்பின் தெரியாத ஒருவரின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்க்க வேண்டும், அதுவும் சிரித்த முகத்தோடு. பெயரையும் விட்டுவிட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் வாயில் நுழையவில்லை என்று கிம், டீனா, லில்லி என்று வேலைக்கென ஒரு பெயர். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை டீனா, அதற்குப் பிறகுதான் அவர் அவராகலாம். இதைத் 'தொழில்முனைவு' என்ற ஒற்றை வார்த்தையில் அடக்கி, கைதட்டிவிட்டுப் போய்விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கூலிக் கணக்கு எப்படி என்று பார்த்தால், வியட்நாமியப் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களே நல்ல சரித்திர ஆவணம். 'நெயில்' என்ற ஆங்கிலச் சொல்லே அவர்கள் மொழியில் தொழிலின் பெயராகிவிட்டது. ஆள் தேவை விளம்பரங்களில் இரண்டு முறைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று பங்கு முறை: வரும் காசில் வேலை செய்தவருக்கு ஆறு பங்கு, முதலாளிக்கு நாலு பங்கு. இன்னொன்று உறுதிக் கூலி: வாரத்துக்கு இவ்வளவு குறையாமல் தருகிறோம், தங்க இடமும் உண்டு, கிளம்பி வாருங்கள் என்று தொலைதூர மாநிலங்களிலிருந்து அழைப்பு. கலிபோர்னியாவில் கடைகள் பெருத்துப் போட்டி கூடியதும் பெண்கள் இப்படித்தான் வியட்நாமிய முகமே இல்லாத சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். செருப்பு போடும் கோடைகாலத்தில் கூட்டம், காலை மூடிக்கொள்ளும் குளிர்காலத்தில் ஈ ஓட்ட வேண்டும். பங்கு முறையில் இருப்பவருக்குக் குளிர்காலம் என்றால் பட்டினிக்காலம். ஓவர்டைம், விடுப்பு, காப்பீடு எதுவும் பல இடங்களில் கிடையாது.

முதலாளிகள் கெட்டவர்கள் என்று இதைச் சுலபமாக முடித்துவிட முடியாது என்பதுதான் சிக்கல். பல கடைகளில் முதலாளி அம்மாவும் அடுத்த மேஜையில் உட்கார்ந்து அதே அளவு நேரம் அரம் தேய்க்கிறார். விலையை மலிவாக்கித்தான் இவர்கள் சந்தையைப் பிடித்தார்கள். அந்த மலிவுக்கான பணம் யார் பையிலிருந்து போயிற்று? அவர்களுடைய சொந்தக் கூலியிலிருந்தும், தங்கையின் கூலியிலிருந்தும்தான். 20 டாலருக்குக் கையும் காலும் செய்துகொண்டு போகிறவருக்கு இது தெரிவதே இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் மையம் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தொழிலில் பத்தில் எட்டுப் பேர் குறைந்த கூலிக்காரர்கள் என்று கணக்கிட்டது.

கூலியை விட மோசமானது காற்று. நெயில் பாலிஷில் பல காலம் மூன்று பொருட்கள் சேர்த்தார்கள்: டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட். 'விஷ மூவர்' என்றே இவற்றுக்குப் பெயர். வாடிக்கையாளர் அரை மணி நேரம் முகர்ந்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரப் பெண் பத்து மணி நேரம், வருடத்துக்கு முந்நூறு நாள். தலைவலி, மூச்சிரைப்பு, தோல் எரிச்சல். கர்ப்பிணிகளும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். மூக்கில் கட்டும் மெல்லிய முகமூடி தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அக்ரிலிக்கிலும் எம்.எம்.ஏ. என்ற வகை நகத்தையும் தோலையும் கெடுக்கிறது என்று அமெரிக்க அரசு 1974-லேயே நடவடிக்கை எடுத்தது. விலை குறைவு என்பதால் அதற்குப் பிறகும் பல கடைகளில் அது புழங்கியது.

இதிலும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 2005-ல் கலிபோர்னியாவில் நெயில் சலூன் தொழிலாளர்களின் ஆரோக்கியத்துக்காக ஒரு கூட்டமைப்பு உருவானது. வியட்நாமிய மொழியில் துண்டறிக்கை, கடை கடையாகப் போய்ப் பயிற்சி, சட்டமன்றத்தில் சாட்சி. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2010-ல், பாதுகாப்பான பொருட்களைப் பயன்படுத்தி நல்ல காற்றோட்டம் வைத்திருக்கும் கடைகளுக்குத் தனி அங்கீகாரம் தரும் சட்டத்தை இயற்றியது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்த மூன்று பொருட்களையும் விலக்க ஆரம்பித்தன. முழுக்க நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றைப் போடுகிறார்கள்.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் எல்லாக் கடைகளும் மூடின. ஆரஞ்ச் கவுண்டி வியட்நாமியர்கள் 'நெயிலிங் இட் ஃபார் அமெரிக்கா' என்று ஒரு குழு சேர்த்து, கடைகளில் இருந்த முகமூடிகளையும் கையுறைகளையும் திரட்டி மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார்கள். கொரோனா வருவதற்கு முன்பே முகமூடியை அன்றாடம் பயன்படுத்திய தொழில் அல்லவா, ஸ்டாக் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் மாநில ஆளுநர் கேவின் நியூசம் பத்திரிகையாளர் சந்திப்பில், மாநிலத்தில் சமூகப் பரவல் முதலில் தொடங்கியது ஒரு நெயில் சலூனில் என்று சொன்னார். எந்தக் கடை, எந்த ஊர், என்ன ஆதாரம் என்ற விவரம் எதுவும் இல்லை. ஒரு வாக்கியம்தான். ஏற்கெனவே வாடகை கட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்தும் ஒரு வாக்கியத்தில் மறுபடி 'வெளியாள்' ஆகிவிடலாம் என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

ஆரஞ்ச் கவுண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரின் போல்சா அவென்யூவை 'லிட்டில் சைகோன்' என்கிறார்கள். 1988-ல் அப்போதைய ஆளுநர் நெடுஞ்சாலையில் அந்தப் பெயருக்குப் பலகையே திறந்து வைத்தார். இந்தத் தெருவின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நகைக்கடை முதலாளிகளையும், கட்டிடம் கட்டியவர்களையும், பத்திரிகை நடத்தியவர்களையும் சொல்வார்கள். பெரும்பாலும் ஆண்கள். ஆனால் அந்தக் கடைகளில் வந்து செலவழிக்கப்பட்ட பணத்தில், வியட்நாமில் தங்கிவிட்ட பெற்றோருக்குப் போன பணத்தில், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தில் எவ்வளவு நகத்தூசியிலிருந்து வந்தது என்று யாரும் தனியாகக் கணக்குப் போட்டு வைக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் டாக்டராகவும் மருந்தாளுநராகவும் இன்ஜினியராகவும் ஆனார்கள். நீ இந்த நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதற்காகத்தான் நான் உட்கார்ந்தேன் என்று சொல்லாத தாய் அங்கே அபூர்வம். சில பிள்ளைகள் பட்டம் வாங்கிய பிறகும் திரும்பி வந்து, அப்பா அம்மாவின் அழகுக்கலைப் பள்ளியையே எடுத்து நடத்துகிறார்கள். அங்கே வகுப்புகள் இப்போது வியட்நாமிய மொழியில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நடக்கின்றன.

வைமாரில் ஹோப் வில்லேஜ் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1978-லிருந்து அந்த இடத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்வி நிறுவனம் நடக்கிறது. டிப்பி ஹெட்ரன் பெயரில் நகக்கலை படிப்பவர்களுக்கு ஓர் உதவித்தொகை இருக்கிறது. அந்த இருபது பேரில் சிலர் பல பத்தாண்டு கழித்தும் அதே தொழிலில் இருந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் தேடிப்போய்ப் பேட்டி எடுக்கும்போதெல்லாம் 'எங்களுக்கு அவர்தான் காட்மதர்' என்கிற மாதிரி ஹெட்ரனைப் பற்றி நன்றியோடு சொன்னார்கள். ஹெட்ரனும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றித்தான் பேசினார். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டார்கள்.